கொத்தமல்லிப் பூவுக்கு மருந்தடித்தவள்

தம்பி தினேஷ்,

செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தது நீ இல்லை, நான். நீ தெலுக் இந்தானிலிருந்து திரும்பி வருவதற்கு ஒரு நாள் முன்பே பார்த்துவிட்டேன். கெலுலுட் பெட்டியில் அந்தச் சின்னத் தேனீக்கள் போய் வருகிற மெழுகுக் குழலுக்குக் கீழே, கருஞ்சீரகத்தைக் கைதவறிக் கொட்டியது போல ஒரு கறுப்புக் குவியல். குனிந்து தொட்டேன். ஒன்றிரண்டு இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. துடைப்பத்தை எடுத்துக் கூட்டி, வாய்க்கால் ஓரமாகப் புதைத்துவிட்டேன். மறுநாள் நீ வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டாயே, உன் காலடியில் நான் கூட்டிய தடம் அப்படியே இருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாய்.

நம் கொத்தமல்லிப் பூவுக்கு மருந்தடித்தது உன் சிநேகிதன் குணா இல்லை, தம்பி. நான்.

இதை உனக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கலாம். பல தடவை எடுத்து, உன் பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டேன். உனக்குத் தெரியும், நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். பெற்ற பிள்ளை உன்னிடம்கூடப் பெரிய விஷயம் என்றால் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஏன் எல்லாரும் படிக்கிற பத்திரிகைக்கு அனுப்புகிறாய் என்று நீ கோபப்படலாம். நீ குணாவைப் பேசியது ஒட்டுக்கடையில், ஊர்க்காரர்கள் பசியாறிக்கொண்டிருந்த நேரத்தில். அவன் பெயர் கெட்டது எல்லார் முன்னாலும். நான் செய்ததை மட்டும் வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் அது நியாயமில்லை என்று பட்டது.

நான் எப்படி இதைச் செய்தேன் என்று உனக்குப் புரிய வேண்டுமென்றால், நான் ஏன் பள்ளியை விட்டு நின்றேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். வீட்டில் வசதியில்லாமல் நின்றேன் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது பொய். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து டவுன் பள்ளிக்குப் போன வருடம், ஆசிரியை என்னை எழுப்பி மலாய்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே குரல் நின்றுவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். புரியாததைக் கேட்க வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்பதற்குப் பதிலாகப் புரியாமலே இருந்துவிடுவேன். பதினைந்து வயதில் ஒரு நாள் பஸ் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. என் அம்மா இரண்டு முறை கேட்டார், பிறகு என்னையும் வேலைக்கு அழைத்துப் போய்விட்டார்.

மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்த்தார்கள். முதுகில் பம்பு, மூக்கை மூடித் துணி. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் பேச்சே கிடையாது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பின் வரிசையில் நிற்பேன். வேலை வாங்குகிற மண்டோர் விரலைக் காட்டுவார், ஒரு பம்புக்கு இத்தனை மூடி என்று. வெயில் ஏறும் முன், காற்று கிளம்பும் முன் அடித்து முடிக்க வேண்டும். தரையில் ஒரு புல் தெரிந்தாலும் திட்டு விழும். அது என்ன மருந்து, எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ரப்பர் பால் வெட்டிய கித்தா மரங்களை அழித்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு நிலம் கைமாறி, நாம் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஈப்போ பக்கம் சிலிபினுக்கு வந்தோம். பம்பு என்னோடு வந்தது. உன் அப்பா போன பிறகு அந்தப் பம்பை முதுகில் போட்டுக்கொண்டுதான் யார் யார் தோட்டத்திலோ அடித்து உன்னைப் படிக்க வைத்தேன். அதனால் அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை. எந்தச் செடிக்கு என்ன வந்தாலும் என் கையால் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

நீ பாய் கடை வேனை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்த மல்லிப் பைத்தியம் உனக்குப் பிடித்தது. ஈப்போவில் சாப்பாட்டுக் கடையும் மசாலாக் கடையும் சேர்த்து நடத்துகிற பாய்க்கு மூட்டை மூட்டையாக மல்லி விதை வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதை ஏன் இங்கேயே விளைவிக்கக் கூடாது என்று கேட்டாய். இந்த மழையில் முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். நீ விடவில்லை. கேமரன் மலையில் இலைக்காகப் போடுகிறவர்கள் வெயில் பட்டால் சீக்கிரம் பூத்துவிடுகிறது என்று அழுகிறார்கள், நமக்குப் பூத்தால்தானே விதை, நம் வெயில் நமக்கு நல்லது என்றாய். பழைய கித்தாத் தோட்டம் இருந்த இடத்தில் நிலத்து முதலாளி தவுக்கேயிடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாய். வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. மேட்டுப்பாத்தி ஆறு போட்டாய். அதன்மேல் மழை விழாமல் பிளாஸ்டிக் கூரை போட, லயத்தில் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, உன்னோடு ஒன்றாம் ஆண்டிலிருந்து படித்த குணாதான் வந்து மூங்கில் நட்டான். அவன் இப்போது ஆள் வைத்து மற்றவர்கள் செம்பனைக்குப் புல் மருந்து அடிக்கிற குத்தகைக்காரன். கூரைமேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அத்தை, இவன் மல்லிக்கு வீடு கட்றான் பாருங்க. இதே மாதிரி இவனுக்கு ஒன்னு கட்டியிருந்தா இந்நேரம் பொண்ணு கெடச்சிருக்கும்லா."

நீ செய்தது ஒவ்வொன்றும் எனக்கு அதிர்ச்சிதான். விதைக்கும் முன் உருண்டை மல்லியைப் பலகையில் வைத்து மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்தாய். நான் பதறிப்போனேன். உள்ளே இரண்டு விதை இருக்கிறது, பிளந்தால்தான் இரண்டும் நன்றாக முளைக்கும் என்றாய். இத்தனை வருடம் மல்லி வறுத்து அரைத்தவளுக்கு அந்த உருண்டைக்குள் இரண்டு இருப்பது தெரியாது. கடையில் வாங்கிய விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்து, பாதிகூட முளைக்காததால் அப்படியே குழம்புக்குக் கொடுத்துவிட்டு வேறு விதை வாங்கி வந்தாய். முளைத்து வந்ததும் நல்ல நாற்றுகளையே பிடுங்கிப் போட்டாய். என் வயிறு எரிந்தது. "மா, கூட்டமா நின்னா காத்து நுழையாது, எலயெல்லாம் சாம்பல் பூத்துரும். கொஞ்சம் நிக்கட்டும், நல்லா நிக்கட்டும்" என்றாய். பாத்திமேல் காய்ந்த புல்லை நீ பரப்பி வைத்தாய், ஈரம் காயாமல் இருக்க. நீ போன பிறகு நான் அதை வாரிக் கொட்டித் தரையைச் சுத்தமாக்கினேன். மண்டோர் இல்லாத இடத்திலும் மண்டோருக்குப் பயந்தேன். நீ மறுபடி பரப்பினாய். இன்னொரு தப்பையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பாத்தி மட்டும் இலை பெரிது பெரிதாக விட்டு, பூக்காமலே நின்றதே, ஏன் என்று தலையைச் சொறிந்தாயே. அதில் நான் இரண்டு கை யூரியா போட்டிருந்தேன். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். செம்பனைக்குப் போட்டால் காய்க்கிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆகாது என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கெலுலுட் பெட்டியை நீ கொண்டுவந்து வைத்தபோதும் கேட்கவில்லை. தேனுக்கு வைக்கிறான் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கொட்டாத, கொசு அளவு இருக்கிற அந்தக் கறுப்புப் பூச்சிகள் பூவில் உட்கார்ந்து எழுந்தால்தான் விதை பிடிக்கும் என்று நீ குணாவிடம் சொன்னாயாம், பிறகு அவன் சொல்லித்தான் தெரியும், அன்று என் காதில் விழவில்லை. நான் அப்போது உங்களுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் அந்த மூன்றாவது தவிர மற்ற ஐந்து பாத்தியும் பூத்தது. வெள்ளைக் குடை குடையாக. எனக்கு அதைப் பார்க்க அத்தனை பெருமை. அப்போதுதான் நீ உன் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் தெலுக் இந்தான் போனாய். பாய்க்கு முதல் விதையை நீயே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாய், அது என் மனதிலேயே இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் தண்டெல்லாம் அசுவினிப் பூச்சி. பச்சைப் பச்சையாக, பிசுபிசுவென்று. பூவில் வேறு கறுப்பாக என்னென்னவோ மொய்க்கிறது. எனக்கு எல்லாம் ஒரே பூச்சி. பிள்ளை இல்லாத நேரத்தில் இத்தனையும் போய்விடுமே என்று பதறினேன். உனக்குப் போன் போட்டிருக்கலாம். விசேஷ வீட்டில் சத்தத்துக்கு நடுவே, நாலு பேர் பக்கத்தில் இருக்க, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். வீட்டுக்கு வந்து, பின்னால் கிடந்த பம்பை எடுத்தேன். செம்பனை வண்டுக்கு வாங்கிய மருந்து அரைப் போத்தல் இருந்தது. மூடிக் கணக்கு கைக்குத் தெரியும். எட்டு மணிக்குள் ஆறு பாத்தியும் அடித்து முடித்தேன். பூ விரிந்து, பெட்டியிலிருந்து எல்லாம் வெளியே வந்திருந்த நேரம் அது. பம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு உதவி செய்துவிட்டோம் என்று அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில்தான் அந்தக் குவியல். அப்போதுதான் எனக்கு அந்தப் பெட்டியும் பூவும் ஒன்றாகத் தெரிந்தன. சட்டென்று புரிந்துவிட்டது, தம்பி. யாரும் சொல்லாமலே. பூவில் ஒரு அசைவு இல்லை. அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு அமைதியாக. நீ வந்தால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. நீயோ என்னைக் கேட்கவே இல்லை. பக்கத்துச் செம்பனைக்கு அந்த வாரம் குணாவின் ஆட்கள் புல் மருந்து அடித்திருந்தார்கள். நீ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போனாய். நான் பின்னாலேயே நடந்து வந்தேன், தடுக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

அவன் பசியாறிக்கொண்டிருந்தான். நீ நின்றபடியே, "காசு குடுத்தா யார் பொழப்பு மேலயும் அடிப்பியாடா? கூர போட வந்தப்பவே எடத்தப் பாத்து வச்சிக்கிட்டியா?" என்றாய். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. குணா முதலில் சிரித்தான், நீ விளையாடுகிறாய் என்று. பிறகு பெட்டி செத்துப்போனதை நீ சொன்னதும் எழுந்து உன்னோடு நிலத்துக்கு வந்தான். அவன் செடியைப் பார்த்தான், இலையைத் திருப்பிப் பார்த்தான், பெட்டிக்குக் கீழே தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைவரைக்கும் திரும்பி வந்து, எல்லாரும் கேட்க உன்னிடம் சொன்னான்: "காத்துல மருந்து வந்திருக்கும் மச்சான். என் தப்புதான். மன்னிச்சிரு." நீ மன்னிக்கவில்லை. இனிமேல் என் மூஞ்சியில் முழிக்காதே என்றாய். மருந்துக்காரன் என்று நீ சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நானும் மருந்துக்காரிதான். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன அந்த வகுப்பில் நின்றது போலவே நின்றேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆறு பாத்திக்கும் சேர்த்து ஒரு பால் டின் நிறையவில்லை. குடை குடையாக நின்றது, உள்ளே விதை இல்லை. இந்த மண்ணுக்கு ஒன்றும் ஒட்டாது என்று சொல்லிவிட்டு ஜொகூருக்குப் போனாய். அங்கே அறை எடுத்துத் தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறாய். மண்மேல் தப்பில்லை என்று தெரிந்தும் உன் பையை நான்தான் மடித்து அடுக்கினேன்.

நீ போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. விதைக்கென்று நீ தனியாக எடுத்து வைத்திருந்த போத்தல் அலமாரியில் இருந்தது. சித்திரை கடைசியில் ஒரு பாத்தி மட்டும் போட்டேன், ஆறாவது. நீ செய்ததை எல்லாம் ஞாபகத்தில் வைத்துச் செய்தேன். பலகையில் தேய்த்தேன், ஊற வைத்து நிழலில் உலர்த்தினேன், கயிறு கட்டி வரிசையாக விதைத்தேன். நாற்றைக் கலைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன். காய்ந்த புல்லைப் பரப்பினேன். யூரியா வாங்கவே இல்லை. அசுவினி மறுபடி வந்தது. இந்த முறை, நீ கொட்டகையில் மாட்டிவிட்டுப் போன காகிதத்தைப் படித்தேன். சோப்புத் தண்ணீர், சாயங்காலம், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, தண்டில் மட்டும் என்று உன் கையெழுத்தில் இருந்தது. அந்தக் காகிதம் போன முறையும் அங்கேதான் தொங்கியது. நான் படித்திருக்கவில்லை.

பூ விடுகிற சமயம் வந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. பெட்டி செத்துக் கிடக்கிறதே, யார் வந்து விதை பிடிக்க வைப்பது? ஒரு நாள் காலையில் போனால், பாத்திக்கு அந்தப் பக்க நிழலில் ஒரு மரத்துண்டு நிற்கிறது. பழைய கித்தா மரத்தின் அடித்துண்டு, மேலே ஒரு தகரம், நடுவில் மெழுகுக் குழல். அதன் வாயில் கறுப்பாகப் போவதும் வருவதும். யார் வைத்தது என்று தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்க் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். குணா வேலியைத் தாண்டி வந்தான். தகரத்தைச் சரிசெய்தான். என்னைப் பார்த்ததும் திருடன் போல நின்றான்.

நான் எழுந்து நின்றேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "குணா, அன்னைக்கு மருந்தடிச்சது நான்தாம்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் அத்தை" என்றான்.

பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினான். "புல்லு மருந்து காத்துல வந்திருந்தா மொதல்ல எலதான் கருகும். அன்னைக்கு ஒரு எலகூடக் கருகல. நான் பொழுதன்னிக்கும் பண்ற வேல, எனக்குத் தெரியாதா? தரையில வேற கூட்டி வச்சிருந்தீங்க. கூட்றது யாரு, தினேஷா? அவன் தட்டக் கழுவுனதே இல்லையேலா." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவன் இருந்த கோவத்துக்கு யாரு மேலயாச்சும் விழணும். என் மேல விழுந்தா நாலு நாளு பேசமாட்டான், அப்புறம் வந்துருவான். ஒங்க மேல விழுந்தா? அவனுக்கு வேற யாரு இருக்கா?" என்றான்.

நாலு நாள் என்று அவன் நினைத்தது நாலைந்து மாதம் ஆகிவிட்டது, தம்பி. அதற்குள் அவனை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தேனீயைக் கொன்றவன், அக்கம்பக்கம் பார்க்காமல் அடிப்பவன் என்று பேச்சு. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் பிழைக்கப் பயன்படுத்திய அதே வேலைதானே அவனுக்கும் சோறு. உன்னையும் என்னையும் பிரிக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை தன் சோற்றில் கை வைத்துக்கொண்டான். நான் வாய் திறக்காமல் அதை வாங்கிக்கொண்டேன். மருந்தடித்தது தெரியாமல் செய்தது. மௌனமாக இருந்தது தெரிந்து செய்தது.

விதை வந்தது, தம்பி. குடைகளில் பாதி பழுப்பாகும்போது அறுத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, கூரைக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிட்டு, உதிர்வது வீணாகாமல் கீழே என் பழைய சேலையை விரித்து வைத்தேன். எல்லாம் உன் காகிதத்தில் இருந்தபடி. ஆறு பாத்திக்குப் பால் டின் நிறையாத நிலத்தில், ஒரே பாத்தியில் பெரிய பிஸ்கட் டின் நிரம்பியது. நம்ப முடியாமல் தரையில் கொட்டி மறுபடி அள்ளிப் போட்டேன். மறுபடியும் நிரம்பியது. பாயிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தார். "இது எந்த ஊரு மல்லிம்மா?" என்றார். சொன்னேன். "பையன்கிட்ட சொல்லு, எனக்கு வேன் ஓட்ட ஆளு நெறைய இருக்கு, இதுக்குத்தான் ஆளு இல்ல" என்றார். சொல்லிவிட்டேன்.

பாய் கடையிலிருந்து வரும் வழியில் ஒட்டுக்கடையில் இறங்கினேன். காலைப் பசியாறும் நேரம். நீ அன்று நின்ற அதே இடத்தில் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இரண்டாவது முறை சொல்ல வேண்டியதாகிவிட்டது. "தேனீயக் கொன்னது குணா இல்ல. நான். தெரியாம பூவுல மருந்தடிச்சிட்டேன். அவன் என்னைக் காப்பாத்துறதுக்குப் பழியை ஏத்துக்கிட்டான்." தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை, தம்பி. நாற்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை. ஒரு அக்கா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரு என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பெற்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே. நான் கூச்சப்பட்டேன், ஒரு கூடே செத்தது. உனக்கு என் கூச்சம் கிடையாது. உனக்கு இருப்பது வேறு, கேட்கும் முன்பே முடிவு கட்டுவது. அன்று நீ ஒரு இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். விதையைப் பிளந்து பார்க்கிறவன், துணியில் முளைக்க வைத்துப் பார்க்கிறவன், ஒரு சிநேகிதனை மட்டும் பார்க்காமலே தூக்கி எறிந்துவிட்டாய். இதில் என் பங்கு பெரிது, உன்னுடையது சின்னது. ஆனால் உன்னுடையதை நீதான் எடுக்க வேண்டும், அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆவணியில் குணாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் ஹுத்தான் மெலிந்தாங். கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்கு வந்து கொடுத்தான். உனக்கென்று தனியாக ஒன்று, உன் பெயர் எழுதி. மாப்பிள்ளைத் தோழனாக யாரை நிறுத்தப்போகிறாய் என்று கேட்டேன். "ஆளு இருக்கு அத்தை. இன்னும் வரல" என்றான்.

பம்பை அவனிடமே கொடுத்துவிட்டேன். நேற்று மற்ற ஐந்து பாத்தியையும் கொத்திப் போட்டேன். விதை ஊறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பாத்தியில் யூரியா இன்னும் இருக்குமா, இந்த முறையும் பூக்காமல் நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் உன்னைக் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் என்மேல் கோபம் வரும். வரட்டும். என்னிடம் பிறகு பேசு. முதலில் அவனுக்குப் போன் பண்ணு. அவன் நம்பர் மாறவில்லை.

அம்மா